ஹைபர்னோமா: 'பனியுறக்கக் கட்டி' வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஹைபர்னோமா என்பது பழுப்புக் கொழுப்பணுக்களால் ஆன, புற்றல்லாத ஓர் அரிய கட்டி. நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலுக்காக, அதற்குப் 'பனியுறக்கக் கட்டி' என்ற தமிழ்ச்சொல்லை நம் குழுவின் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார்கள். காதுக்கு இனிமையான சொல்தான். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை.

1906இல் மெர்க்கெல் என்ற ஆய்வாளர் இந்தக் கட்டியை விவரித்தார். பனிக்காலம் முழுக்க உறங்கும் விலங்குகளின் பழுப்புக் கொழுப்பை ஒத்திருந்ததால் 1914இல் ஜெரி என்ற ஆய்வாளர் ஹைபர்னோமா என்ற பெயரைச் சூட்டினார். உறக்கம் அந்த விலங்குகளுக்கு உரியது. கட்டியோ ஓயாமல் இயங்குவது. சாதாரணக் கொழுப்பணுவில் ஒரே பெரிய கொழுப்புத்துளி உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடும். இந்தக் கட்டியின் அணுவில் சிறு சிறு துளிகள் பல. நடுவே சின்ன உட்கரு. சுற்றிலும் குருணை குருணையாக, அணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா. வெப்பம் உண்டாக்கும் திசு அல்லவா! அந்த மைட்டோகாண்டிரியாவும் அடர்ந்த இரத்த நுண்குழாய்களுமே பழுப்பு நிறத்தைத் தருகின்றன. குளுக்கோஸை நிறைய இழுப்பதால் உடலில் குளுக்கோஸ் சேரும் இடங்களைக் காட்டும் பெட் ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். எம்ஆர்ஐ படத்தில் லைப்போசார்கோமா என்னும் கொழுப்புத்திசுப் புற்றோ என மருத்துவரே ஐயுறுவதுண்டு. திசுவை எடுத்துச் சோதித்த பிறகுதான் ஐயம் தீரும்.

அப்படியொரு ஸ்கேன் அறிக்கையோடு கலங்கி நிற்கும் தேக்கா வட்டாரப் பெரியவரிடம் 'பனியுறக்கக் கட்டி' என்றால், "எப்போது விழித்துக்கொள்ளும்?" என்றுதான் கேட்பார். பனிக்காலமே அறியாத சிங்கப்பூரில் பெயரின் முதல் பாதியும் அவருக்கு விளங்காது.

என் பரிந்துரை: பழுப்புக் கொழுப்புக் கட்டி. லைப்போமாவை நம் மக்கள் வீட்டிலும் பலதுறை மருந்தகத்திலும் கொழுப்புக் கட்டி என்றே சொல்கிறார்கள். அதன் பக்கத்திலேயே இது இயல்பாக அமர்ந்துகொள்ளும்.

'கழலை' நல்ல பழஞ்சொல். எனக்கும் அதன்மேல் ஆசை உண்டு. ஆனால் முன்கழுத்துக் கழலை என்று தைராய்டு வீக்கத்துக்கு அது நிலைத்துவிட்டது. ஹைபர்னோமா கழுத்திலும் வருவதால் குழப்பம் நேரும். 'புற்று' என்ற சொல் மட்டும் எந்த வடிவிலும் ஒட்டக்கூடாது. இது பரவாத கட்டி.

சொல்லுக்கான விளக்கத்தை இப்படி எழுதலாம்: "பழுப்புக் கொழுப்பணுக்களால் ஆன, அரிதான, தீங்கற்ற கட்டி. பெரும்பாலும் நடுவயதை எட்டாத பெரியவர்களுக்குத் தொடை, தோள், முதுகு, கழுத்துப் பகுதிகளில் வலியின்றி மெல்ல வளரும். முழுமையாக அகற்றினால் திரும்ப வருவது மிக அரிது."

'தீங்கற்ற' என்பதா, 'தீங்கிலா' என்பதா? முந்தைய பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. அதையும் இந்த இழையிலேயே முடிவு செய்துவிடுவோம்.