இங்கிலாந்தில் படித்த அமெரிக்கப் பிள்ளைகள், உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கொலம்பஸ்காரி:

பிறந்தது மதுரை. பத்து வயதில் ஒஹையோ. அதற்குப் பிறகு பள்ளி, கல்லூரி, கடவுச்சீட்டு எல்லாமே அமெரிக்காதான். 2018 செப்டம்பரில் முதுகலை படிக்கக் கேம்பிரிட்ஜ் போனேன். அங்கேயும் ஆங்கிலம்தானே, பழக என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். இந்த வருடம் என் சித்தி மகள் போகிறாள். அவளுக்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். அங்கே படித்தவர்கள், பிள்ளைகளை அனுப்பியவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

முதலில் என்னுடையது. சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் அம்மா ஒருவர் தினமும் காலையில் என்னைப் பார்த்ததும் "யூ ஆல்ரைட்?" என்பார். எங்கள் ஊரில் ஒருவர் முகம் வாடியிருந்தால்தான் அப்படிக் கேட்பார்கள். இரண்டு நாள் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று நகர்ந்துவிட்டேன். மூன்றாம் நாள் தாங்கவில்லை. தூக்கம் வரவில்லை, வீட்டு நினைப்பாகவே இருக்கிறது, யாரோடும் பேசிப் பழக முடியவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

நம் ஊரில் "என்ன, சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது போன்றதுதான் அது, பதில் எதிர்பார்த்துக் கேட்பதில்லை என்று ஒரு வாரம் கழித்துத்தான் அறைத்தோழி சொன்னாள். அந்த அம்மா அதை என்னிடம் காட்டிக்கொள்ளவே இல்லை. அன்று முதல் என் தட்டில் வறுத்த உருளைக்கிழங்கு ஒன்று கூடுதலாக விழுந்தது, அவ்வளவுதான். ஆங்கிலேயர்கள் ஒட்டமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும். அவர்கள் அன்பு சத்தம் போடாது. அதைக் கவனிக்கக் கொஞ்ச நாள் ஆகும்.

சித்தி மகளுக்குச் சில சின்ன விஷயங்கள்: சாலையைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார். லண்டனில் தரையிலேயே எழுதிவைத்திருப்பார்கள், மற்ற ஊர்களில் அதை நம்ப முடியாது. அங்கே முதல் மாடி என்றால் அமெரிக்காவில் நமக்கு இரண்டாவது மாடி. டிசம்பரில் நாலு மணிக்குள் இருட்டிவிடும், அதற்கு மனதைத் தயார்செய்துகொள்.

டாலஸ் அப்பா:

நான் படிக்கப் போகவில்லை, மகன் போனான். வட இங்கிலாந்தின் டர்ஹமில் வரலாறு. முதல் கட்டுரை திருத்தி வந்த அன்று எங்களுக்கு மாலை ஐந்து மணி, அவனுக்கு இரவு பதினொன்று. "அப்பா, எல்லாம் போச்சு" என்று தொலைபேசியில் அழுகிறான். நூற்றுக்கு 62. டெக்சாஸில் பள்ளி முழுக்க 95-க்குக் கீழே வாங்காத பிள்ளை. 62 என்றால் இங்கே தேறியதே பெரிது. திரும்பி வந்துவிடு என்று சொல்ல நான் வாயெடுத்துவிட்டேன். அவன் அம்மாதான் தடுத்தாள்.

மறுநாள் ஆசிரியர் அவனை உட்காரவைத்து விளக்கினாராம். அங்கே 70 எடுத்தாலே முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை இரண்டாம் வகுப்பின் மேல்நிலை, நல்ல மாணவர்களில் பெரும்பாலோர் நிற்கும் இடம். 80-ஐத் தாண்டுவது அபூர்வம். "முதல் கட்டுரைக்கு 62 நல்ல தொடக்கம்" என்றிருக்கிறார். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் இதை முன்கூட்டியே யாராவது சொல்லவேண்டும். அந்த ஒரு இரவை நாங்கள் எப்படிக் கழித்தோம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

பிப்ரவரியில் அவனைப் பார்க்கப் போனோம். 1093-இல் கட்டத் தொடங்கிய பேராலயம் ஆற்று வளைவுக்கு மேலே பாறைமீது நிற்கிறது. பக்கத்து உள்முற்றத் தாழ்வாரத்தில் ஒரு கல்வெட்டுப் பலகையின் முன்னால் நிறுத்தினான். 15-ஆம் நூற்றாண்டில் பேராலயத்தோடு இருந்த துறவிகள் மடத்தின் தலைவராக இருந்த ஜான் வாஷிங்டனின் நினைவுப் பலகை. ஜார்ஜ் வாஷிங்டனின் குலத்துக்குப் பெயர் தந்த வாஷிங்டன் என்ற ஊரும் டர்ஹமுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இதையெல்லாம் அவன் விவரித்தபோது, நான் அவனைத் திருவானைக்காவலுக்குக் கூட்டிப்போய்த் தூண் தூணாகக் காட்டியது ஞாபகம் வந்தது.

கிரேவன் தெரு ரசிகன்:

நான் ஒரு பருவம் மட்டும் லண்டனில் இருந்தேன். எல்லோரும் கோபுரமும் அரண்மனையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து போகிறவர்கள் சாரிங் கிராஸ் ரயில் நிலையத்துக்கு ஒட்டினாற்போல் உள்ள கிரேவன் தெரு 36-ஆம் எண் வீட்டைக் கட்டாயம் பார்க்கவேண்டும். 1757 முதல் 1775 வரை, இடையில் கொஞ்ச காலம் தவிர, அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் குடியிருந்த வீடு. அவர் வாழ்ந்த வீடுகளில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான், அதுவும் அமெரிக்காவில் இல்லை. அந்தச் சாய்ந்த மரத்தரையில் நடந்தபோது உடம்பு சிலிர்த்தது. 1998-இல் பழுதுபார்க்கும்போது நிலவறையில் மனித எலும்புகள் கிடைத்தன. வீட்டுக்காரம்மாவின் மருமகன் அங்கே உடற்கூறு கற்பித்தவர், அதில் மிஞ்சியவை அவை.

இன்னொரு நாள் எகம் ரயில் நிலையத்தில் இறங்கி ரன்னிமீடுக்கு நடந்தேன். 1215-இல் மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த மாக்னா கார்ட்டா சாசனம் பிறந்த புல்வெளி. மேட்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு நினைவுக்கல் இருக்கிறது. அந்த ஓர் ஏக்கரை இங்கிலாந்து அமெரிக்காவுக்கே கொடுத்துவிட்டது. ரயிலுக்கு 16-25 வயதுக்கான சலுகை அட்டை வாங்கிவிடுங்கள், மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

அக்கா, கேம்பிரிட்ஜில் இருந்தீர்களே, இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்கர்களுக்கான மேடிங்லி கல்லறைத் தோட்டத்துக்குப் போனீர்களா?

கொலம்பஸ்காரி:

போனேன், தம்பி. நீங்கள் கேட்காவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

மார்ச் மாதம். பேருந்தில் என் உச்சரிப்பைக் கேட்டு, பக்கத்தில் இருந்த எண்பது வயதுக்கு மேற்பட்ட பாட்டி "அமெரிக்காவில் எங்கே?" என்றார். என் நிறத்தைப் பார்த்து "அதற்கு முன்னால் எங்கே?" என்று கேட்காத ஆள் அந்த வருடத்தில் அவர் ஒருவர்தான். ஒஹையோ என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

போர்க்காலத்தில் அவர் வீடு ஓர் அமெரிக்க விமானத்தளத்துக்குப் பக்கத்தில் இருந்ததாம். கிழக்கு இங்கிலாந்து முழுவதும் அப்படித் தளங்கள். காலையில் புறப்படும் விமானங்களைப் பிள்ளைகள் எண்ணுவார்கள், மாலையில் திரும்புவதையும் எண்ணுவார்கள். ஒஹையோக்காரன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் வீட்டுக்குத் தேநீருக்கு வருவான். பங்கீட்டுக் காலத்தில் கண்ணால் பார்க்க முடியாத டின் பழம் கொண்டுவருவான். ஒரு ஞாயிறு வரவில்லை. அதன்பின் வரவேயில்லை. பாப் என்றுதான் இவருக்குத் தெரியும். குடும்பப் பெயர் தெரியாது. "செத்தானா, வேறு தளத்துக்குப் போனானா, யாரும் எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லவில்லை" என்றார்.

அந்த வாரமே மேடிங்லிக்குப் போனேன். பல்கலைக்கழகம் கொடுத்த நிலம். சரிவில் 3,800-க்கும் மேற்பட்ட வெள்ளைச் சலவைக்கல் குறிகள் வளைவு வளைவாக நிற்கின்றன. சிலுவைகள், இடையிடையே யூதர்களுக்குத் தாவீதின் விண்மீன்கள். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்காகப் பணியாளர் ஒருவர் பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரை மணலை ஈரமாக்கி, சிலுவையில் வெட்டிய பெயருக்குள் தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கல்லில் மறைந்து கிடந்த எழுத்துகள் துலங்கி வந்தன. ஒரு பக்கம் முழுக்க நீண்ட சுவர், அதில் உடல் கிடைக்காத 5,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள். கென்னடியின் அண்ணன் ஜோசப்பின் பெயரும் அதில் உண்டு. பெயரோடு பதவி, படைப்பிரிவு, மாநிலம்.

பாப் என்றால் ராபர்ட். சுவரில் ராபர்ட்களையும், அவர்களில் ஒஹையோக்காரர்களையும் தேடினேன். பெயர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில் இருப்பதால் ஒவ்வொன்றாகப் படிப்பதைத் தவிர வழியில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் இத்தனை பேரா என்று ஒவ்வொரு முறையும் நின்றேன். குளிரில் விரல் மரத்து, எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. நோட்டில் ஒரு பக்கத்துக்கு மேல் சேர்ந்தது.

அதே பேருந்தில் பத்து நாள் கழித்து அவரைப் பார்த்தேன். தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக, உதடு அசைய வாசித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து தொடங்கினார். பிறகு நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"அவன் இதில் இல்லாமலும் இருக்கலாம், இல்லையா?" என்றார்.

"ஆமா பாட்டி, இருக்கலாம்" என்றேன். பாட்டி என்று நான் தமிழில்தான் சொன்னேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை.