கூலி: சம்பளமா, ஆளா?

நண்பர்களே, ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். 'மெய்வருத்தக் கூலி தரும்' என்ற குறளில் (619) கூலி என்பது உழைப்புக்குக் கிடைக்கும் பயன். இன்றும் கூலி கொடுக்கிறோம். வாங்குகிறவரைக் கூலியாள் என்கிறோம். ஆங்கிலேயர் வாயில் போனதும் அது ஆளையே குறித்தது. 1860-லிருந்து வேலை ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர்கள் மீது வசையாகவும் விழுந்தது. அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் குஜராத்தின் கோலி சமூகப் பெயரே மூலம் என்பாரும் உண்டு. எனக்கென்னவோ நம் சொல்லின் பக்கம்தான் சாய்வு (தமிழன் என்பதாலும் இருக்கலாம்!).

தொழிலாளியையே 'கூலி' என்று எழுதிய பழைய தமிழ்க் கடிதம், தோட்டக் கணக்கேடு எதையாவது பார்த்திருக்கிறீர்களா? ஆண்டோடு சொன்னால் உதவியாக இருக்கும். படம் இருந்தால் இன்னும் நல்லது.