புளியடி வீட்டார்: குடும்பக் குழு

*பெரியம்மா, 7:12*
விடியப்புறம் ஆர் ஓடியோ போட்டு அழித்தது? "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று மட்டும் கிடக்கிறது.

*கலா அக்கா, 7:15*
பெரிய மாமா. நான் கேட்டுவிட்டேன். காசு வராவிட்டால் ஆளை வைத்து எடுப்பாராம்.

*பெரிய மாமா, 7:21*
ஓம், நான்தான். லாண்ட்மாஸ்டர், அந்த இரண்டு சில்லு உழவு மிசின், எடுக்கச் சின்னவனுக்கு நாலு லட்சம் கொடுத்தேன். போன காலபோக நெல்லு வெட்டியதும் தருவதாகச் சொன்னவன். இப்ப அடுத்த வெட்டும் வந்துவிட்டது. முரசுமோட்டைச் சந்தியில் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்புகிறான்.

*சின்ன மாமா, 7:40*
நாலு இல்லை அண்ணை. அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு 70,000 நான் கட்டினது. அதைக் கழிக்கவே இல்லை.

*பெரிய மாமா, 7:41*
அம்மா உனக்கும் அம்மாதானே.

*பாங்கொக் தம்பி, 7:58*
மாமா, கோபிக்காதீர்கள். இன்று பெப்ரவரி 8. 2020இல் இதே நாள்தான் இங்கே தாய்லாந்தில் கோராட் என்ற நகரில் ஒரு ஆமிக்காரன் வெறிபிடித்துச் சுட்டது. காசுப் பிரச்சினை.

*கலா அக்கா, 7:59*
யாரோடு?

*பாங்கொக் தம்பி, 8:06*
அவனுடைய மேலதிகாரியோடும் அவரின் மாமியாரோடும். வீடு காணி விற்கிற விஷயம். வரவேண்டிய காசைத் தரவில்லை என்று அவன் கணக்கு. முதலில் அந்த இரண்டு பேரையும் சுட்டான். பிறகு முகாமுக்குப் போய்த் துவக்குகளையும் வாகனத்தையும் எடுத்துக்கொண்டு, வழியில் ஒரு பன்சலையடியில், புத்த கோயிலடியில், சுட்டு, டெர்மினல் 21 என்ற கடைத்தொகுதிக்குள் புகுந்தான். அன்று மாக பூசை, பௌத்தர்களின் பௌர்ணமித் திருநாள், நம்முடைய போயா மாதிரி. சனம் நிரம்பி இருந்தது. மறுநாள் காலையில்தான் அவனைச் சுட்டு விழுத்தினார்கள். அவனைத் தவிர 29 பேர் செத்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கணக்குத் தெரியும்?

*பாங்கொக் தம்பி, 8:09*
எங்கள் தெருவில் நூடில்ஸ் விற்கிற அக்காவின் மகள் அங்கேதான் வேலை. சாமான் அறைக்குள் ஒளித்திருந்தாள். மணி அடித்தால் அவனுக்குக் கேட்டுவிடும் என்று தாய் அவளுக்குப் போன் எடுக்கவே இல்லை. விடியும்வரை போனைக் கையில் பிடித்தபடி படியில் இருந்தா. பிள்ளை தப்பிவிட்டாள்.

*பெரியம்மா, 8:11*
முருகா.

*பெரிய மாமா, 8:14*
என்னை அவனோடு சேர்க்கிறாயா?

*பாங்கொக் தம்பி, 8:16*
சேவல் அறுக்கவே உங்களுக்குக் கை நடுங்கும் மாமா. ஆனால் ஆளை வைத்து என்றீர்களே, அந்த ஆளின் கை உங்கள் கை இல்லையே. பிறகு அங்கே ஆமித் தளபதி அழுது மன்னிப்புக் கேட்டார். அதிகாரிகள் தங்களுக்குக் கீழே உள்ளவர்களோடு செய்கிற கொடுக்கல் வாங்கலைப் பார்ப்போம் என்றார். எல்லாம் முடிந்த பிறகு.

*கலா அக்கா, 8:20*
சரி, எழுத்து ஏதாவது இருக்கிறதா?

*பெரிய மாமா, 8:22*
சீ.ஆர். கொப்பியில், அந்த மட்டை போட்ட பெரிய கொப்பியில், திகதி போட்டு எழுதியிருக்கிறேன். கையெழுத்து வாங்கவில்லை. தம்பியிடம் என்ன கையெழுத்து.

*சின்ன மாமா, 8:51*
வயலுக்குள் நின்றேன். வெட்டு மிசின் திங்கட்கிழமை வரும். லாண்ட்மாஸ்டரை இன்றைக்கே உங்கள் வளவில் விடுகிறேன். திறப்பு பெரியம்மாவிடம் இருக்கும்.

*பெரிய மாமா, 8:53*
அதை விட்டுவிட்டு நெல்லை எதில் ஏற்றுவாய்?

*சின்ன மாமா, 8:54*
தலையில்.

*பெரிய மாமா, 8:58*
விசர்க்கதை கதைக்காதே. பின்னேரம் கொப்பியோடு வருகிறேன். ஆஸ்பத்திரிப் பில்லை எடுத்து வை.

*சின்ன மாமா, 9:03*
பில் இருக்கிறது. பாதி எலி அரித்துவிட்டது.