மூன்றாம் வகுப்புக்கு சிவில் உரிமை வரலாறு: எதை, எப்படி வாசிக்க வைப்பது?

கேள்வி:
அமெரிக்காவில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். போன வாரம், பஸ்ஸில் வெள்ளையருக்கு சீட்டை விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் பற்றி ஒரு பக்கம் வாசிக்கக் கொடுத்து, புரிந்ததை எழுதச் சொன்னேன். பாதிப் பேர் எழுதியது இதுதான்: ஒரு பாட்டி வேலை முடிந்து களைப்பாக இருந்தார், அதனால் பஸ்ஸில் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை, அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது. பிள்ளைகள் மேல் தப்பில்லை, அந்தப் பக்கத்தில் இருந்ததே அவ்வளவுதான். எட்டு வயதுப் பிள்ளைகள் பயந்துவிடவும் கூடாது, நடந்ததை மழுப்பவும் எனக்கு மனமில்லை. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

பதில் 1:
முதலில் அந்தப் பாட்டிக் கதையை விடுங்கள். அன்றைக்கு அவருக்கு 42 வயது, பல வருஷமாக, கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மாண்ட்கோமரி (அலபாமா மாநிலம்) கிளைக்குச் செயலாளர். உடம்புக் களைப்பு இல்லை, விட்டுக்கொடுத்தே அலுத்துப்போனது என்று அவரே பிறகு எழுதியிருக்கிறார்.
நான் இரண்டு சின்னப் பத்திகளைச் சேர்த்துக் கொடுப்பேன். ஒன்று ரோசா பார்க்ஸ், 1955 டிசம்பர். இன்னொன்று கிளாடெட் கால்வின், அதே ஊர், அதே வருஷம் மார்ச், 15 வயதுப் பள்ளி மாணவி, அவளும் எழுந்திருக்க மறுத்துக் கைதானவள். எது ஒன்று, எது வேறு என்று பிள்ளைகளே கோடு போட்டுக் கண்டுபிடிக்கட்டும். பஸ்ஸில் பிரித்து உட்காரவைக்கும் சட்டத்தை ஒழித்த வழக்கில் இருப்பது கால்வின் பெயர்தான், பார்க்ஸ் பெயர் இல்லை என்று சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அப்புறம் பார்க்ஸ் கைதானதை எதிர்த்து 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தார்களே, அந்த ஊர்க் கறுப்பின மக்களைப் பற்றியும் ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். ஒரே ஒருவர் செய்த வேலை இல்லை அது.

பதில் 2:
ரூபி பிரிட்ஜஸிலிருந்து ஆரம்பிக்கலாம். 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸில், அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த ஒரு பள்ளிக்குள் முதல் கறுப்பினப் பிள்ளையாக நுழைந்தபோது அவளுக்கு ஆறு வயது, உங்கள் பிள்ளைகளைவிடச் சின்னவள். வெள்ளையினப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டதால் அந்த வருஷம் முழுக்க வகுப்பில் அவளும் டீச்சர் பார்பரா ஹென்றியும் மட்டும். அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு, விளையாட்டு நேரத்தில் அவள் என்ன செய்திருப்பாள் என்று கேளுங்கள், பதில் தானாக வரும்.
ரூபி பள்ளிக்கு நடந்து போவதை ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்து 1964-ல் வெளியிட்ட ஓவியத்தையும் பாடம் மாதிரியே வாசிக்க வைக்கலாம். பாதுகாப்புக்குக் கூட நடக்கும் மார்ஷல்களுக்கு (மத்திய அரசின் காவல் அதிகாரிகள்) தலை தெரியாது, குழந்தையின் முகம் மட்டும் முழுசாகத் தெரியும். ஏன் அப்படி என்று பிள்ளைகள் நிறையச் சொல்வார்கள். ஆனால் பின்சுவரில் ஒரு கேவலமான வசைச்சொல் எழுதியிருக்கும், காட்டுவதற்கு முன்பு அதை எப்படிச் சொல்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பதில் 3:
நான் டீச்சர் இல்லை, ஒரு அம்மா. தயவுசெய்து நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். என் மகளின் வகுப்பில் பஸ் காட்சியை நடிக்க வைத்தார்கள், அங்கே இருந்த ஒரே கறுப்பினப் பையன் பின்சீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று, அந்தப் பிள்ளை அன்று முழுக்கப் பேசவே இல்லையாம். வாசிப்பே போதும்.
இன்னொன்று, புகைப்படங்கள் கறுப்பு வெள்ளையாக இருப்பதால் ஏதோ ராஜா காலத்துக் கதை என்று என் மகள் நினைத்திருந்தாள். ரூபி பிறந்தது 1954-ல், உன் பாட்டி வயதுதான் என்றதும் அவள் முகமே மாறிவிட்டது.

கேட்டவர்:
நடிக்க வைக்கலாம் என்றுதான் இருந்தேன், நல்லவேளை சொன்னீர்கள். கால்வின் பற்றி எட்டு வயதுக்கு ஏற்ற மாதிரி ஒரு பத்தி நானே எழுதப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே போடுகிறேன், எங்காவது மழுப்பியிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.