ஜப்பானுக்கு மொழி படிக்க வருகிறவர்களுக்கு, ஃபுகுவோகாவிலிருந்து

ஏப்ரல் சேர்க்கைக்கு வரப்போகிற தம்பி தங்கைகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறீர்கள்: எவ்வளவு பணம் கொண்டு வர வேண்டும், நம்ம ஊர்ச் சமையல் சாமான் கிடைக்குமா, பார்ட் டைம் வேலை எப்போது கிடைக்கும். பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மொழிப் பள்ளியில் வகுப்பு அரை நாள்தான், வாரத்துக்கு 20 மணி நேரம். மிச்ச நேரத்தை எங்கே, யாரோடு, எந்த மொழி பேசிக் கழிக்கிறீர்களோ அதை வைத்துத்தான் படிப்பு முடியும்போது உங்களுக்கு மொழி வந்திருக்கிறதா இல்லையா என்பது இருக்கும். வீடு பார்த்தாலும் வேலை பார்த்தாலும், இதனால் என் காதில் எவ்வளவு ஜப்பானிய மொழி விழும் என்று ஒரு தடவை யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் காகித வேலைகளைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஃபுகுவோகா விமான நிலையத்திலேயே ரெசிடென்ஸ் கார்டு கொடுத்துவிடுவார்கள். பார்ட் டைம் வேலைக்கான அனுமதியையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு இமிக்ரேஷன் அலுவலகத்தில் போய் வரிசையில் நிற்க வேண்டாம். சர்வதேச முனையத்தில் சுரங்க ரயில் நிலையம் கிடையாது. இலவச பஸ்ஸில் உள்நாட்டு முனையத்துக்குப் போனால் ரயில் ஏறலாம், நகரின் முக்கிய ரயில் நிலையமான ஹகாதா ஐந்தாறு நிமிடம்தான். தங்க இடம் அமைந்த 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிந்தாக வேண்டும். அன்றைக்கே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்த்துவிடுவார்கள், அப்புறம் மருத்துவமனையில் நீங்கள் கொடுப்பது 30 சதவீதம் மட்டும். 20 வயது முடிந்திருந்தால் பென்ஷன் கட்டச் சொல்லி மாதம் 17,000 யென்னுக்கு மேல் ஒரு சீட்டு வரும். வருமானம் இல்லாதவர்கள் விலக்குக்கு விண்ணப்பிக்கலாம், அதே அலுவலகத்தில் அதே நாளில் கேளுங்கள். சீட்டைப் பிரிக்காமல் மேசையில் போட்டு வைக்காதீர்கள். காப்பீட்டுத் தொகையைக் கட்டாமல் விட்டதும், வகுப்புக்கு ஒழுங்காகப் போகாததும் விசா நீட்டிக்கும்போது வந்து நிற்கும். வங்கிக் கணக்குக்கு முதலில் தபால் நிலைய வங்கியான யூச்சோவில் முயலுங்கள். வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்குப் பல வங்கிகள் கணக்கு திறக்கத் தயங்கும்.

இனி மொழி. நம்மில் முக்கால்வாசிப் பேர் ஜப்பானிய மொழியை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறோம். ஆப்பும் ஆங்கிலம், இலக்கண விளக்கமும் ஆங்கிலம், குறிப்பு எழுதுவதும் ஆங்கிலம். தயவு செய்து இதை விட்டுவிடுங்கள். தமிழ் தெரிந்தவனுக்கு ஜப்பானிய வாக்கியம் ஏற்கனவே பாதி தெரியும். வினை கடைசியில் வரும். 'க்கு' வரும் இடத்தில் பெரும்பாலும் 'நி', 'ஐ' வரும் இடத்தில் 'ஒ', 'ஓடு' வரும் இடத்தில் 'தொ', 'உம்' வரும் இடத்தில் 'மொ'. நானும் என்பது வதாஷி-மொ. நேற்று நான் வாங்கிய புத்தகம் என்று நாம் எந்த வரிசையில் சொல்கிறோமோ அதே வரிசையில்தான் அவர்களும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும், அப்புறம் ஜப்பானிய மொழிக்காக மறுபடியும் திருப்ப வேண்டும். எதற்கு இந்த இரட்டை வேலை?

இன்னும் உள்ளே போனால் ஆச்சரியமாக இருக்கும். வகுப்பில் 'தே' வடிவம் என்று ஒன்று வரும், எல்லோரும் திணறுவார்கள். அது நம்ம வினையெச்சம்தான். தபேதே மிரு என்றால் சாப்பிட்டுப் பார். கைதே ஒகு என்றால் எழுதி வை. மொத்தே குரு என்றால் கொண்டு வா. தபேதே ஷிமத்தா என்றால் சாப்பிட்டுவிட்டேன். பார், வை, வா, விடு என்று நாம் ஒட்டுகிற துணைவினைகளின் வேலையையே அவர்களும் அந்த இடத்தில் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதியிருப்பார்கள். தமிழில் ஒரு வார்த்தை போதும். என் குறிப்பு நோட்டில் இடது பக்கம் ஜப்பானிய வாக்கியம், வலது பக்கம் தமிழ் வாக்கியம், ஆங்கிலமே கிடையாது. இப்போதும் அப்படித்தான் எழுதுகிறேன்.

சுசுமு ஓனோ என்கிற ஜப்பானிய மொழியறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்றே பல காலம் எழுதினார், யாழ்ப்பாணப் பேராசிரியர் சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து உழைத்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை, அதனால் அதை வைத்து ஜப்பானியர்களிடம் பெருமை பேச வேண்டாம். உறவு இருக்கிறதோ இல்லையோ, வாக்கியம் கட்டும் முறை ஒத்துப்போகிறது. படிக்கிறவனுக்கு அது போதும்.

ஓசையிலும் நமக்கு ஒரு லாபம், ஒரு நஷ்டம். லாபம் என்னவென்றால் குறில் நெடில் நமக்குப் பிறவியிலேயே காதில் இருக்கிறது. பிரு என்றால் கட்டடம், பீரு என்றால் பீர். ஆங்கிலம் பேசுகிற வகுப்புத் தோழர்கள் இதில் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். கிதே, கித்தே என்று ஒற்று இரட்டிப்பதும் நமக்கு ஒரு பொருட்டே இல்லை. நஷ்டம் எங்கே என்றால் வல்லின எழுத்துகளில். மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினத்தை நம் வாய் தானாகவே மென்மையாக்கிவிடும். சொல்லின் முதலில் வரும் வல்லின ஓசை, மெல்லோசை இரண்டுக்கும் நம்மிடம் ஒரே எழுத்துதான். வானிலைக்கு ஒரு சொல், மின்சாரத்துக்கு ஒரு சொல், இரண்டையும் தமிழில் எழுதினால் 'டெங்கி' என்றுதான் வரும், ஆனால் ஜப்பானியர் காதுக்கு முதல் எழுத்திலேயே அவை வேறு வேறு. அதனால் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்காதீர்கள், முதல் வாரத்திலேயே ஹிரகானா என்கிற ஜப்பானிய ஓசை எழுத்துக்கு மாறிவிடுங்கள். பொருளுக்குத் தமிழ், ஓசைக்கு ஹிரகானா.

கான்ஜி என்கிற சீன வழி எழுத்துகளில் சீன மாணவர்கள் நமக்கு எட்டாத தூரத்தில் ஓடுவார்கள், அதைப் பார்த்து மனம் விடாதீர்கள். அன்றாடம் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்துகள் என்று அரசு பட்டியலிட்டிருப்பது 2,136. தினமும் கையால் எழுதுங்கள், தனி எழுத்தாக இல்லாமல் சொல்லாகப் படியுங்கள். பேச்சில் அவர்களும் நம்மைப் போலவே ஆரம்பத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

வேலைக்கு வருகிறேன். சட்டப்படி வாரத்துக்கு 28 மணி நேரம்தான், பள்ளியின் நீண்ட விடுமுறையில் மட்டும் நாளுக்கு 8 மணி. 2025-இல் அறிவித்த குறைந்தபட்சக் கூலி எல்லா மாகாணத்திலும் மணிக்கு 1,000 யென்னுக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள், இங்கே குறைந்தபட்சக் கூலிக்கு மாதம் 1,30,000 யென்னுக்கு மேல் சட்டப்படி சம்பாதிக்க முடியாது. அதில் வாடகை, சாப்பாடு, காப்பீடு, போன் போனால் பள்ளிக் கட்டணத்துக்கு என்ன மிஞ்சும்? பார்ட் டைமிலேயே எல்லாவற்றையும் கட்டிவிடலாம், ஊருக்கும் அனுப்பலாம் என்று சொல்கிற ஏஜென்ட்டை நம்பிக் கடன் வாங்கி வராதீர்கள். அப்படி வந்த பிள்ளைகள் 28 மணியைத் தாண்டி வேலை செய்து, வகுப்பில் தூங்கி, வருகைப்பதிவு குறைந்து, விசா நீட்டிப்பு கிடைக்காமல் திரும்பிப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. முதல் வருடக் கட்டணமும் ஆறு மாதச் செலவும் கையில் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

எந்த வேலை என்பதும் முக்கியம். வந்த புதிதில் எளிதாகக் கிடைப்பது இரவு நேரத்தில் பெந்தோ என்கிற பெட்டிச் சாப்பாடு தயாரிக்கும் தொழிற்சாலை. ஒரு வார்த்தை பேச வேண்டாம், பெட்டியில் முட்டைத் துண்டை வைத்துக்கொண்டே இருக்கலாம். முதல் இரண்டு மூன்று மாதம் வேறு வழி இல்லையென்றால் சரி, அதற்கு மேல் அங்கே இருக்காதீர்கள். கொன்பினி என்கிற சின்னப் பல்பொருள் கடையின் கல்லாவில் நில்லுங்கள். பை வேண்டுமா, பெந்தோவைச் சூடாக்கவா, பாயின்ட் கார்டு இருக்கிறதா என்று மூன்று வாக்கியத்தில் தொடங்கும். அதோடு நிற்காது. ஒருவர் மின்கட்டணச் சீட்டை நீட்டுவார், இன்னொருவர் பார்சல் அனுப்ப வேண்டும் என்பார். நான் நின்ற கடைக்கு இரவு பத்து மணி வாக்கில் ஒரு பெரியவர் வருவார். சிகரெட் அடுக்கில் எண் ஒட்டியிருக்கும், எல்லோரும் எண்ணைச் சொல்லித்தான் கேட்பார்கள். அவர் மட்டும் பிராண்ட் பெயரைப் பாதியாக வெட்டிச் சொல்வார், அதுவும் இந்த ஊர்ப் பேச்சான சுத்த ஹகாதா வழக்கில். நான் அடுக்கில் விரல் வைத்துக்கொண்டே போவேன், சரியான இடம் வந்ததும் "யோகா", அதாவது சரி, என்று தலையாட்டுவார். பள்ளியில் எந்த ஆசிரியரும் அந்தப் பேச்சைச் சொல்லித்தர மாட்டார்.

ஹகாதா வழக்கைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. பொது ஜப்பானிய மொழியில் 'ஃபுத்தே இரு' என்றால் மழை பெய்துகொண்டிருக்கிறது என்றும் ஆகும், பெய்திருக்கிறது என்றும் ஆகும். இங்கே இரண்டும் தனித்தனி. பெய்துகொண்டிருந்தால் ஃபுரியோரு, பெய்து தரை நனைந்திருந்தால் ஃபுத்தோ. நம்ம மொழியில் இருக்கிற அதே பிரிவு! ஊர் வழக்கு பேசினால் மொழி கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தேர்வுக்குப் பொது மொழி, பக்கத்து வீட்டுக்கு ஹகாதா.

வீடு. ஆறு தமிழ்ப் பசங்க சேர்ந்து ஒரு வீடு எடுத்தால் வாடகை குறையும், சாம்பார் கிடைக்கும், ஊர் ஞாபகம் அழுத்தாது, எல்லாம் உண்மைதான். ஆனால் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் ஜப்பான் முடிந்துவிடும். முதல் சில மாதம் அப்படி இருந்துவிட்டு, ஜப்பானியர்களும் இருக்கிற ஷேர் ஹவுஸுக்கோ, 40,000 யென் சுற்றுவட்டாரத்தில் ஒற்றை அறைக்கோ மாறுங்கள். வார இறுதியில் நம்மவர்களைப் பார்த்தால் போதும். அறை பார்க்கும்போது எரிவாயு குழாய் வழியா, புரோபேன் சிலிண்டரா என்று கேளுங்கள், புரோபேன் என்றால் பில் நன்றாகவே ஏறும். சுவர்கள் மெலிசு. இரவு பத்து மணிக்குக் குக்கர் விசில் அடித்தால் பக்கத்து அறைக்குக் கேட்கும், தாளிக்கும்போது புகை உறிஞ்சும் விசிறியைப் போட மறக்காதீர்கள். குடிபோன அன்றே ஒரு சின்னப் பிஸ்கட் பெட்டியோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, பெயரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் சத்தம் கேட்டாலும் முகம் தெரிந்த பிள்ளை என்று பொறுத்துக்கொள்வார்கள்.

குப்பை விஷயத்தில் இணையத்தில் படித்ததை அப்படியே நம்பாதீர்கள், அது பெரும்பாலும் டோக்கியோ கணக்கு. அங்கே காலையில் எட்டு மணிக்குள் வைக்க வேண்டும். ஃபுகுவோகா நகரில் குப்பை எடுப்பது இரவில், சூரியன் மறைந்த பிறகு பன்னிரண்டு மணிக்குள் வெளியே வைக்க வேண்டும். நகராட்சிப் பையில்தான் போட வேண்டும், கொன்பினியிலேயே விற்கும். எரியும் குப்பை வாரம் இரண்டு முறை, பாட்டில் மாதம் ஒரு முறை. மாத நாளைத் தவறவிட்டால் அடுத்த மாதம்வரை பாட்டிலோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

சாப்பாடு. 230 வோல்ட் மிக்ஸியைப் பெட்டியில் போடாதீர்கள், இங்கே மின்சாரம் 100 வோல்ட். அமெரிக்காவுக்கென்று விற்கிற 110 வோல்ட் மிக்ஸி கொஞ்சம் மெதுவாக ஓடும், சட்னிக்குப் போதும். சாம்பார் பொடி, அப்பளம் கொண்டு வாருங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், இறைச்சி ஊறுகாய் எல்லாம் சுங்கத்தில் போய்விடும். பருப்பும் மசாலாவும் ஹகோசாகி பள்ளிவாசல் பக்கத்து ஹலால் கடைகளில் கிடைக்கும். சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது கறியை விட தாஷியைத்தான், பெரும்பாலும் மீனை வேக வைத்து எடுக்கிற சாறு அது, உடோன் குழம்பிலும் மிஸோ சூப்பிலும் காய்கறிக் கூட்டிலும் இருக்கும். இந்த ஊர் ராமென் பன்றி எலும்புச் சாறு. மீன், பன்றி, மாடு, கோழி, ஜெலட்டின் இந்த ஐந்துக்கும் உரிய எழுத்துகளை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் படியுங்கள், பாக்கெட்டின் பின்பக்கம் வாசிக்கத் தெரிந்தாலே பாதிக் கவலை தீரும்.

மனிதர்களோடு பழக ஒரு வார்த்தை: முன்பின் தெரியாத பெண்மணியை நாம் அக்கா, ஆன்ட்டி என்று கூப்பிடுகிற மாதிரி இங்கே ஒபாசான் என்று கூப்பிடாதீர்கள், முகம் மாறிவிடும். சுமிமாசென் (மன்னிக்கவும்) போதும், பெயர் தெரிந்தால் பெயரோடு சான் என்று மரியாதைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். வார்டில் சமூகக் கூடங்களில் ஓய்வு பெற்றவர்கள் நடத்துகிற தன்னார்வ மொழி வகுப்புகள் இருக்கும், கட்டணம் பெயருக்குத்தான். அங்கே போனால் பேசுவதற்கு ஒரு தாத்தா பாட்டி கிடைப்பார்கள், உங்களுக்கு வேண்டியது அதுதான். ஜூலை முதல் பதினைந்து நாள் யாமகாசா திருவிழா, குஷிதா கோயில் விழா. 15-ஆம் தேதி விடியற்காலை 4:59-க்கு முதல் தேர் கிளம்பும், ஒரு டன் எடையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், தெருவோரத்தில் நிற்பவர்கள் தண்ணீரை வாரி அடிப்பார்கள். தூக்குகிற ஆட்கள் அந்த நாட்களில் வெள்ளரிக்காய் தொட மாட்டார்கள், வெட்டிய துண்டு கோயில் சின்னம் மாதிரி இருக்கிறதாம். வேலை இருந்தாலும் விடுப்பு கேட்டுப் போய்ப் பாருங்கள்.

நிலநடுக்கம் டோக்கியோவுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம், 2005 மார்ச்சில் இங்கேயும் 7.0 அளவில் வந்தது. வார்டு அலுவலகத்தில் தருகிற வரைபடத்தில் உங்களுக்கான அடைக்கல இடம், அநேகமாகப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி, எது என்று பார்த்து ஒரு தடவை நடந்து போய் வாருங்கள். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119, போலீசுக்கு 110.

ஏப்ரலில் வருகிறவர்களுக்கு ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வை ஜூலையில் எழுதுவது கஷ்டம், விண்ணப்பம் மார்ச்சிலேயே தொடங்கிவிடும். டிசம்பர் தேர்வுக்கு ஆகஸ்ட் கடைசியில் திறப்பார்கள். என்4 நிலையா என்3 நிலையா என்று அப்போது சந்தேகமாக இருந்தால் உங்கள் வகுப்பு ஆசிரியரிடமே கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.