அடக்கி வைத்த ஆறு ஆண்டுகள்

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் ஆறு ஆண்டுகள் நின்றேன். நாங்கள் மூன்றாம் தளத்தில். கழிப்பறை கீழே, கிடங்கை ஒட்டி. போக வேண்டுமென்றால் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஒரு நாளில் இரண்டாம் முறை சொல்லவே நாக்கு கூசும். அதனால் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். காலையில் ஒரு காபி, மதியம் சோற்றோடு நாலு மடக்கு. தீபாவளி நேரத்தில் அதுவும் கிடையாது.

முதலில் நீர்க்கடுப்பு வந்தது. சொட்டுச் சொட்டாகத்தான் போகும், மிளகாய் பட்டதுபோல எரியும். போய்விட்டு வந்து ஒரு சேலையை மடித்து முடிப்பதற்குள் மறுபடியும் முட்டும். அம்மா 'உடம்புச் சூடு' என்று மோரும் ஊறவைத்த வெந்தயமும் கொடுத்தார். நான்காம் நாள் உடம்பைத் தூக்கிப் போடும் குளிர்காய்ச்சல்; வலது விலாவுக்குக் கீழே, முதுகில், கை வைக்க முடியாத வலி. கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினார். சிறுநீர்ப்பையின் சுவரே தசைதான். நிரம்ப நிரம்ப அது தளர்ந்து இடம் கொடுக்கும். 150, 200 மில்லி சேர்ந்ததும் மூளைக்கு முதல் சேதி போகும். 400, 500 ஆனால் பொறுக்க முடியாது. வெளிவாயை இறுக்கிப் பிடிக்கும் தசை மட்டும் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். குடலில் வாழும் கிருமி ஆசனவாய்ப் பக்கத்திலிருந்து எளிதில் ஏறிவிடும். ஒவ்வொரு முறை சிறுநீர் போகும்போதும் அதைக் கழுவித் தள்ளுகிறது. அந்தக் கழுவலைத்தான் நான் ஆறு ஆண்டுகளாகத் தடுத்து வைத்திருந்தேன்.

2021இல் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டபோது என்னை அறியாமல் அழுதேன். கடைகளில் நிற்கும் தங்கைகளே, உட்கார இடம் கேட்பதுபோல கழிப்பறை போவதற்கும் வாய்விட்டுக் கேளுங்கள். எரிச்சலோடு காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்தால் ஒரு நாள்கூட மோரை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

* * *

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் வீட்டில் சிறுநீர்த் தொல்லை அப்பாவுக்கு வந்தது. வயது 68. இரவில் நாலைந்து முறை எழுவார், கழிப்பறையில் வெகுநேரம் நிற்பார். சர்க்கரை பார்த்தோம், இல்லை. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். போன மாதம் ஜலதோஷத்துக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். அன்று இரவு ஒரு சொட்டுகூடப் போகவில்லை. தொப்புளுக்குக் கீழே தேங்காய் வைத்ததுபோல உப்பிக் கிடந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நின்றார். குழாய் போட்டதும் பையில் ஏறக்குறைய ஒரு லிட்டர் இறங்கியது. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கி, முன்பே பாதையை நெருக்கியிருந்ததாம். சில ஜலதோஷ மாத்திரைகள் சிறுநீர்ப்பையின் கழுத்தை இன்னும் இறுக்கிவிடும் என்றார்கள்.

* * *

எனக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இருமினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசியும். துணி வைத்துக்கொண்டே ஐந்து ஆண்டுகள் ஓட்டினேன், கணவரிடம்கூடச் சொல்லவில்லை. இடுப்பின் அடித்தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். மூன்று மாதம் விடாமல் செய்த பிறகுதான் துணி இல்லாமல் பஸ் ஏறினேன்.

* * *

தம்பி, அப்பாவுக்குக் குழாயை எடுத்துவிட்டார்களா? தானாகப் போகிறாரா?

* * *

செவ்வாய்க்கிழமை எடுத்தார்கள் அக்கா. இரண்டு மணி நேரம் வராண்டாவில் நடந்துகொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய், அளவுக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். 250 மில்லி. நர்ஸ் எழுதிக்கொண்டார்.