மகள் தன் முகத்துக்கு மதிப்பெண் பார்ப்பதை எப்படி நிறுத்துவது?

என் மகளுக்கு 15 வயது. முகத்தைப் படமெடுத்தால் மதிப்பெண் போடும் ஒரு செயலியை நான்கு மாதமாகத் தினமும் பார்க்கிறாள். 10-க்கு 5.8 போட்டு, மூக்கு அகலம், தாடை சரியில்லை என்கிறது. இப்போது சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாள். குடும்பப் படத்தில் நிற்பதே இல்லை.

செயலியை நீக்கினேன், மறுநாளே திரும்ப ஏற்றிவிட்டாள். "நீ அழகுதான்" என்றேன். "அம்மான்னா அப்படித்தானே சொல்லுவீங்க" என்றாள். முக அழகுக்கு அளவுகோல் என்று சிலர் சொல்லும் 1.618 என்ற பொன்விகிதத்தை வைத்து அழகை அளக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. முகத்திலிருந்து 30 செ.மீ. தூரத்தில் செல்ஃபி எடுத்தால் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். அதனால் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று நானே அவளைப் படமெடுத்துக் காட்டினேன். அதை மட்டும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் பழையபடிதான்.

அவளுக்கு வாய்த்திருப்பது என் அம்மாவின் மூக்கு. அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். அதைக் குறை என்று அவள் சொல்லும்போது எனக்குத் தாங்கவில்லை.

பேச்சு எடுபடாத இந்த வயதில், உங்கள் பிள்ளையை இதிலிருந்து வெளியே கொண்டுவர எது உண்மையிலேயே உதவியது?